செகண்ட் ஹேண்டில் சொகுசு எஸ்யூவி: முன்பணம் கொடுக்கும் முன் செய்ய வேண்டியவை

புதிதில் எழுபது லட்சத்துக்கு விற்ற எஸ்யூவி, ஏழெட்டு வருஷம் கழித்து இருபது லட்சத்துக்கு விற்பனைக்கு நிற்கிறது. வண்டியின் விலைதான் இறங்கியிருக்கிறது. அதன் உதிரி பாகங்களுக்கு இன்றும் எழுபது லட்ச ரூபாய் வண்டிக்கான விலைதான். இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே சொல்வதெல்லாம் தானாகப் புரியும்.

போன வருஷம் வீட்டுக்கு ஒரு வோல்வோ எக்ஸ்சி60 வாங்கினேன். அதற்கு முன் பார்த்துவிட்டு வேண்டாம் என்று வந்த வண்டிகள்தான் நிறையக் கற்றுக்கொடுத்தன. கார் ஓட்டத் தெரிந்தவர், ஆர்.சி. புக் என்றால் என்னவென்று தெரிந்தவர் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

1. எந்த வண்டி என்று முடிவு செய்வது

முதலில் உங்கள் ஊரில் அந்த பிராண்டைப் பார்க்கும் தனி மெக்கானிக் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். இல்லையென்றால் அந்த பிராண்டையே விட்டுவிடுங்கள். கையில் இருக்கும் தொகையில் ஆறில் ஒரு பங்கை முதல் வருஷப் பராமரிப்புக்கென்று ஒதுக்கிவிட்டு, மீதிக்கு வண்டி தேடுங்கள்.

முதல்முறை வாங்குபவர்களுக்கு என் உறுதியான கருத்து: ஏர் சஸ்பென்ஷன் (ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பைகள் வண்டியைத் தாங்கும் அமைப்பு) வேண்டாம். ஆடி கியூ7, ரேஞ்ச் ரோவர் ஸ்போர்ட், மெர்சிடிஸ் ஜிஎல்எஸ் எல்லாம் அதில் மிதந்துகொண்டு போகும், உண்மைதான். ஆனால் காற்றுப் பை ரப்பர். வயதானால் வெடிப்பு விடும். கசிவை ஈடுகட்ட, காற்று அடிக்கும் கம்ப்ரஸர் ஓயாமல் ஓடி, அதுவும் போகும். சாதாரண காயில் ஸ்பிரிங் உள்ள வேரியன்ட் கிடைத்தால் அதையே எடுங்கள். 2011-க்கு முந்தைய பிஎம்டபிள்யூ 2 லிட்டர் டீசலையும் தவிர்க்கச் சொல்வேன். அந்த என்47 இன்ஜினில் டைமிங் செயின் (இன்ஜினின் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் சங்கிலி) கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிறது. செயின் தேய்ந்தால் அதைத் தொடுவதற்கே பெரிய வேலை.

2. வீட்டில் உட்கார்ந்தபடியே வடிகட்டுவது

வண்டி எண்ணை எம்பரிவாகன் ஆப்பில் போட்டால் பதிவு தேதி, எரிபொருள், இன்சூரன்ஸ், வண்டி மேல் கடன் பதிவு இருக்கிறதா என்பதெல்லாம் காட்டும். இ-சலான் தளத்தில் அபராத பாக்கியையும் பார்த்துவிடுங்கள்.

பலர் கவனிக்காதது இன்சூரன்ஸ் பாலிசியில் இருக்கும் என்.சி.பி. (நோ கிளெய்ம் போனஸ், கிளெய்ம் எடுக்காததற்குக் கிடைக்கும் தள்ளுபடி) சதவீதம். 50 என்றால், அந்த ஓனர் தொடர்ந்து ஐந்து வருஷம் கிளெய்ம் எடுக்கவில்லை. 'ஒரு கீறல்கூட இல்லை சார்' என்று சொல்லும் ஓனரின் பாலிசியில் அது பூஜ்யமாக இருந்தால், எதற்குக் கிளெய்ம் எடுத்தார் என்று கேளுங்கள். ஆனால் என்.சி.பி. ஆளோடு போவது, வண்டியோடு அல்ல. வேறு வண்டியிலிருந்து மாற்றிக்கொண்டு வந்திருக்கலாம். அதனால் இதைத் துப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, ஓனரின் சம்மதத்தோடு சேஸிஸ் எண்ணைக் கொடுத்து ஷோரூம் சர்வீஸ் ஹிஸ்டரி வாங்குங்கள். வருஷாவருஷம் கிலோமீட்டர் சீராக ஏறியிருக்கிறதா, கியர்பாக்ஸ் ஆயில் எப்போது மாற்றினார்கள் என்று பாருங்கள். ஹிஸ்டரி தர மறுக்கும் வண்டியை நேரில் போய்ப் பார்க்கவே வேண்டியதில்லை.

3. நேரில் பார்ப்பது

காலையில் போங்கள். 'நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்' என்று முன்கூட்டியே சொல்லுங்கள். போனதும் பானெட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள். குளிர்ந்த இன்ஜினில் முதல் சில வினாடிகளில் வரும் செயின் சத்தமும் புகையும் சூடானபின் தெரியாது. ஏர் சஸ்பென்ஷன் வண்டியைத்தான் எடுப்பேன் என்பவர்கள், ஸ்டார்ட் செய்யும் முன் நான்கு சக்கரத்துக்கும் மேலே ஃபெண்டர் இடைவெளியை டேப்பால் அளந்துகொள்ளுங்கள். இரவில் ஒரு மூலை இறங்கியிருந்தால் காற்று கசிகிறது.

சென்னை வண்டியானால் 2015 டிசம்பர், 2023 டிசம்பர் வெள்ளங்களை மறக்கக்கூடாது. சீட் பெல்ட்டை அதன் கடைசி அங்குலம்வரை இழுத்துப் பாருங்கள். வெளியே தெரியும் பகுதியைக் கழுவியிருப்பார்கள். சுருளுக்குள் எப்போதும் சுற்றிக்கிடக்கும் பகுதியில் சேற்று நிறத்தில் ஒரு கோடு நிற்கும். சீட்டுக்கு அடியில் ரெயில் போல்ட்டில் துரு, டிக்கியின் தரைக்குக் கீழே வண்டல் இருக்கிறதா என்றும் பாருங்கள். இந்த வண்டிகளில் பேட்டரியும் எலக்ட்ரானிக் மாட்யூல்களும் பலவற்றில் சீட்டுக்கு அடியிலும் டிக்கியிலும்தான் இருக்கின்றன. கணுக்கால் அளவு தண்ணீர் உள்ளே புகுந்தாலே போதும்.

டயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருஷம். ஆல் வீல் டிரைவ் வண்டியில் நான்கு டயரும் ஒரே பிராண்டாக, கிட்டத்தட்ட ஒரே தேய்மானத்தில் இருக்க வேண்டும். இரண்டு புதிது, இரண்டு பழையது என்று ஓட்டியிருந்தால் டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் பகுதி) பாதிக்கப்பட்டிருக்கலாம்.

இடிபட்டு மறுபடி பெயின்ட் அடித்த இடத்தைக் கண்டுபிடிக்க, பெயின்ட் தடிமனை அளக்கும் பெயின்ட் மீட்டர் வாங்குவதானால் அலுமினியத்தையும் அளக்கும் ரகமாக வாங்குங்கள். காந்தத்தை ஒட்டிப் பார்க்கும் பழைய வித்தை ரேஞ்ச் ரோவர் போன்ற அலுமினிய பாடியில் வேலைக்கு ஆகாது.

4. ஸ்கேன்: இங்கேதான் நிதானம் வேண்டும்

ஸ்டியரிங்குக்குக் கீழே ஓபிடி சாக்கெட் (வண்டியின் கம்ப்யூட்டரோடு ஸ்கேனரை இணைக்கும் இடம்) இருக்கும். கடையில் மலிவாகக் கிடைக்கும் இஎல்எம்327 கருவி பெரும்பாலும் இன்ஜினை மட்டுமே படிக்கும். கியர்பாக்ஸ், ஏபிஎஸ், ஏர்பேக் எல்லாம் படிக்க பிராண்டுக்கு ஏற்ற கருவி வேண்டும். ஆடிக்கு ஓபிடிஇலெவன், பிஎம்டபிள்யூவுக்கு பிம்மர்லிங்க் நல்லவை. மெர்சிடிஸ், லேண்ட் ரோவர் என்றால் நல்ல ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கைக் கூலி கொடுத்து அழைத்துப் போவதே மேல்.

'ஃபால்ட் எதுவும் இல்லை' என்று திரை காட்டியதும் மூடிவிடாதீர்கள். விற்பவர் முந்தின நாளே ஃபால்ட் கோடுகளை (கம்ப்யூட்டர் பதிந்துவைக்கும் பழுதுக் குறியீடுகளை) அழித்திருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க இரண்டு இடம் இருக்கிறது. ஒன்று, ரெடினஸ் மானிட்டர், அதாவது வண்டி தன்னைத்தானே செய்துகொள்ளும் சோதனைகள் முடிந்தனவா என்று காட்டும் பட்டியல். கோடை அழித்ததும் இவை எல்லாம் 'முடியவில்லை' என்ற நிலைக்குப் போய்விடும். திரும்பவும் 'முடிந்தது' ஆக, வண்டி பலவிதமாகச் சில நாள் ஓட வேண்டும். தினமும் ஓடும் வண்டியில் அவை பெரும்பாலும் முடிந்தே இருக்கும். இரண்டு, 'கோடு அழித்தபின் ஓடிய தூரம்' என்ற அளவு. சாதாரண ஆப்பில்கூட லைவ் டேட்டா பட்டியலில் இது வரும்.

நான் பார்த்த ஒரு ஜெர்மன் டீசலில் கோடு ஒன்றுகூட இல்லை. அந்தத் தூரம் மட்டும் 11 கிலோமீட்டர் காட்டியது. பேட்டரி மாற்றியதால் அழிந்திருக்கும் என்றார் விற்றவர். அப்படியும் நடக்கலாம்தான். 'இருநூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டுச் சொல்லுங்கள், மறுபடி ஸ்கேன் செய்கிறேன்' என்றேன். அதோடு பேச்சு நின்றுபோனது.

டீசலில் டிபிஎஃப் (புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) கரி அளவையும், கடைசியாக ரீஜெனரேஷன் (அந்தக் கரியை வண்டியே எரித்துச் சுத்தம் செய்வது) நடந்தபின் ஓடிய தூரத்தையும் பாருங்கள். ஊருக்குள் மட்டும் ஓடிய வண்டியில் ஃபில்டர் அடைந்துகொண்டே வரும். உங்கள் ஓட்டமும் பள்ளிக்கூடம், கடைத்தெரு என்றுதான் இருக்குமென்றால் பெட்ரோலே எடுங்கள்.

5. டெல்லி வண்டி மலிவாக இருக்கிறதே?

டெல்லி வட்டாரத்தில் பத்து வருஷம் தாண்டிய டீசலை ஓட்டக்கூடாது என்று 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது; 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. அதன்பின் உத்தரவுகள் மாறி மாறி வந்தாலும் அந்த பயத்தில் எட்டு, ஒன்பது வயது டீசல்கள் அங்கே விலை இறங்குகின்றன. வண்டி நல்லதாகவே இருக்கலாம். நம் பக்கம் கணக்குப் போடும்போது ஆயுள் வரியைச் சேருங்கள். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 20 லட்சத்துக்கு மேற்பட்ட புது காருக்கு 20 சதவீதம். பழைய வண்டிக்கு வயதைப் பொறுத்துக் குறையும். ஆனால் கணக்கு தொடங்குவது நீங்கள் கொடுத்த விலையில் அல்ல, வண்டி புதிதில் விற்ற விலையில். எனவே ஆர்.டி.ஓ. ஆபீசில் தொகையைக் கேட்டுக்கொண்டு பேரம் பேசுங்கள். அங்கிருந்து ஃபாரம் 28 என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) கைக்கு வராமல் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள்.

6. பணமும் பேப்பரும்

பெயர் மாற்ற ஃபாரம் 29, 30. கடன் இருந்தால், அந்தப் பதிவை நீக்க பேங்க் என்.ஓ.சி.யோடு ஃபாரம் 35. ரொக்கமாக இரண்டு லட்சம் அல்லது அதற்கு மேல் வாங்கச் சட்டம் இடம் தராது, பேங்க் வழியாகவே கொடுங்கள். பெயர் மாற்றத்துக்கு உள்ளூரில் 30 நாள் கெடு. இன்சூரன்ஸுக்கு அது இன்னும் குறைவு: 14 நாளுக்குள் விண்ணப்பியுங்கள். பாலிசி உங்கள் பெயருக்கு வராமல் வண்டி இடிபட்டால் உங்கள் வண்டிச் சேதத்துக்கான கிளெய்ம் நிற்காது. இரண்டு சாவியும் கேட்டு வாங்குங்கள். இந்த ரகத்தில் ஒரு சாவி செய்வதே பெரிய செலவு.

பின்சேர்ப்பு 1: படித்துவிட்டு ஒருவர் எழுதியது. பழைய ஓனர் ஃபாஸ்டேகை மூடவில்லை, அதனால் இவருக்குப் புது டேக் தர மறுத்திருக்கிறார்கள். ஒரு வண்டிக்கு ஒரு டேக்தான். சாவி வாங்கும் அன்றே அவர் எதிரில் மூடச் சொல்லுங்கள்.

பின்சேர்ப்பு 2: இன்னொருவர் நினைவூட்டினார், நல்ல விஷயம். 2018-க்குப் பின் வந்த வண்டிகள் பலவற்றில் செல்போன் ஆப் இணைப்பு உண்டு. பழைய ஓனரின் கணக்கு அப்படியே இருந்தால், வண்டி எங்கே நிற்கிறது என்று அவர் போனில் தெரியும். சில மாடல்களில் கதவையும் திறக்கலாம். அவரைத் தன் ஆப்பிலிருந்து வண்டியை நீக்கச் சொல்லுங்கள். பிறகு வண்டித் திரையில் ஃபேக்டரி ரீசெட் கொடுத்து, உங்கள் கணக்கைச் சேருங்கள். ரீசெட் மட்டும் போதாது, அவர் பக்கமும் நீக்க வேண்டும்.