பனிக்காலத்தில் ஃபயர் டவர் ஏறப் போகிறீர்களா?

பனியில் முதல் தடவை மலையேறும் நண்பர்களை நான் ஓவர்லுக் மலைக்குத்தான் கூட்டிப்போவேன். நியூயார்க் மாநிலத்து கேட்ஸ்கில்ஸ் மலைத்தொடரில், வுட்ஸ்டாக் ஊருக்கு மேலே, 3,140 அடி. உச்சியில் ஒரு ஃபயர் டவர், அதாவது காட்டுத்தீயைக் கண்காணிக்கும் கோபுரம். பழைய வண்டிப்பாதையிலேயே சுமார் இரண்டரை மைல் ஏற்றம், வழி தவறுவது கஷ்டம். கோடையில் அங்கே பாறை இடுக்குகளில் ராட்டில் பாம்புகள் (வாலை ஆட்டிச் சத்தமிடும் விஷப் பாம்புகள்) உண்டு. ஜனவரியில் அதுகளுக்கு நல்ல தூக்கம். எனக்கு இது ஒன்றே போதும்.

காரை விட்டு இறங்கும்போது கொஞ்சம் குளிர வேண்டும். குளிரவில்லை என்றால் அதிகமாகப் போட்டிருக்கிறீர்கள், ஒன்றைக் கழற்றிப் பையில் வையுங்கள். பருத்தி வேண்டவே வேண்டாம். எங்களோடு வந்த ஒருவன் காட்டன் பனியன் மேல் தடித்த ஜாக்கெட் மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று ஏறினான். உச்சிக்குக் கீழே பழைய ஹோட்டலின் இடிந்த சுவர்களுக்குப் பக்கத்தில் ஐந்து நிமிடம்தான் நின்றோம், அவனுக்குப் பல் தந்தியடிக்க ஆரம்பித்துவிட்டது. பனியனைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும். என் மாற்றுச் சட்டையைக் கொடுத்தேன். அன்றிலிருந்து எல்லோரும் ஆளுக்கு ஒரு உலர்ந்த சட்டை கொண்டு வர வேண்டும் என்பது எங்கள் சட்டம்.

தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வையுங்கள். தண்ணீர் மேலிருந்துதான் உறையும், மூடிப்பக்கம் திறக்க வரும். போன் உள்சட்டைப் பையில். இறுகிய பனிக்கு மைக்ரோஸ்பைக்ஸ் (பூட்ஸின் மேல் மாட்டும் சிறு இரும்பு முட்கள்), கால் புதைந்தால் ஸ்னோஷூ (பனியில் புதையாமல் நடக்கக் காலில் கட்டும் அகலமான சட்டம்). இதே மாநிலத்தின் வடக்கே, அடிராண்டாக் மலைகளின் ஹை பீக்ஸ் காட்டில் 8 அங்குலம் பனி இருந்தாலே ஸ்னோஷூவோ ஸ்கீயோ கட்டாயம்.

சரி, டவர். 1908 காட்டுத்தீக்குப் பிறகு, 1909 முதல் மாநிலம் இப்படிக் கண்காணிப்பு நிலையங்கள் வைத்தது. இந்த 60 அடி இரும்புக் கோபுரம் வேறொரு குன்றில் இருந்தது. 1950-இல் கழற்றி இங்கே கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

ஏறும் முன் அடிவாரத்திலேயே ஜாக்கெட், தொப்பி, கையுறை எல்லாம் போட்டுவிடுங்கள். மரங்களின் தலையைத் தாண்டுகிற படிக்கட்டில் காற்று அறையும், அங்கே ஜிப்போடு போராட முடியாது. ஸ்னோஷூவைக் கீழேயே கழற்றுங்கள். கைப்பிடியில் வெள்ளை உறைபனி ஒட்டியிருக்கும். ஈரக் கையுறையால் பிடித்தால் பசை போட்ட மாதிரி ஒட்டிக்கொள்ளும். படியில் கண்ணாடிப் பனி இருந்தால் நான் ஏறுவதில்லை, கிண்டல் செய்தாலும் சரி. மேல் அறை பூட்டியிருந்தால் பரவாயில்லை. அதற்குக் கீழுள்ள தளத்திலிருந்தே கிழக்கே ஹட்சன் ஆறும் தென்மேற்கே அஷோகன் நீர்த்தேக்கமும் தெரியும்.

டிசம்பரில் நாலரை மணிக்கே சூரியன் போய்விடும். ஒரு மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்பிவிடுவோம், டவர் நூறு கெஜத்தில் இருந்தாலும். அப்புறம் தெர்மோஸ் டீயை மேலேயே காலி செய்யாதீர்கள். பாதி வழியில் யாராவது கேட்பார்கள், எங்கள் கூட்டத்தில் பெரும்பாலும் நான்தான்.