தலைநகரில் எத்தனை நாள் தங்குவது? திட்டம் போடும்போது நடக்கிற தவறுகள்

போன வாரம் ஒரு இளம் தம்பதி தங்கள் முதல் வெளிநாட்டுப் பயணத்தின் திட்டத்தை அனுப்பி, "காத்மாண்டுவுக்கு 4 நாள் போதுமா அண்ணா?" என்று கேட்டிருந்தார்கள். மொத்தம் 10 நாள். முதல் 4 நாள் காத்மாண்டு, அப்புறம் பொக்காராவும் அதைச் சுற்றியுள்ள மலையும், 10ஆம் நாள் காலை பொக்காராவிலிருந்து உள்நாட்டு விமானம், அன்று மாலையே காத்மாண்டுவிலிருந்து வீட்டுக்கு. படித்ததும் வயிற்றைப் பிசைந்தது. இதே திட்டத்தை, ஏறக்குறைய இதே நாள் கணக்கோடு, பல வருடங்களுக்கு முன்னால் நானும் போட்டிருக்கிறேன். என்ன ஆனது என்று கீழே சொல்கிறேன்.

எந்தத் தலைநகரைப் பற்றிப் பேச்சு எடுத்தாலும் முதலில் வருவது இந்த 'எத்தனை நாள்' கேள்விதான். எண்ணைச் சொல்லிவிடலாம், அது பெரிய விஷயமில்லை. அந்த நாட்கள் எந்தக் கிழமையில் விழுகின்றன, பயணத்தின் எந்த முனையில் இருக்கின்றன, அவற்றில் முழு நாள் எத்தனை என்பதில்தான் புதிதாகக் கிளம்புகிறவர்கள் சறுக்குகிறார்கள். பாஸ்போர்ட் தேதியைப் பார்க்காதது, பண்டிகைக் கூட்டத்தில் அறை கிடைக்காமல் அலைவது போன்ற எல்லாருக்கும் தெரிந்த விஷயங்களை விட்டுவிடுகிறேன்.

இரவை எண்ணாமல் நாளை எண்ணுவது

"டோக்கியோ 3 நாள்" என்று எழுதியிருப்பார்கள். உள்ளே பார்த்தால் முதல் நாள் பிற்பகல் 3 மணிக்கு நரிட்டாவில் இறங்குகிறார்கள், மூன்றாம் நாள் காலை 11 மணிக்குத் திரும்ப விமானம். நரிட்டா விமான நிலையம் டோக்கியோவின் நடுப்பகுதியிலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர். குடியேற்ற வரிசை, பெட்டி, ரயில், அறை என்று எல்லாம் முடித்து வெளியே வரும்போது இருட்டியிருக்கும். மூன்றாம் நாள் விடிந்ததும் கிளம்பியாக வேண்டும். ஆக, கையில் இருப்பது ஒரே ஒரு முழு நாள்.

மலிவு விமானம் பிடிப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பாரிஸ் என்று பெயர் போட்டு விற்கிற போவே விமான நிலையம் பாரிஸிலிருந்து 80 கிலோமீட்டர் போல வரும். ஆஸ்லோ என்று விற்கிற டோர்ப், 100 கிலோமீட்டருக்கும் மேலே. டிக்கெட்டில் மிச்சம் பிடித்தது பேருந்திலும் அரை நாளிலும் கரைந்துவிடும்.

நான் ஒரு தாளில் இரவுகளை மட்டும் எழுதி, அதிலிருந்து ஒன்றைக் கழிக்கிறேன். 3 இரவு என்றால் 2 முழு நாள். வந்து இறங்குகிற நாளை நடந்து பார்ப்பதற்கும் தூங்குவதற்கும் விட்டுவிடுவேன், நேரம் குறித்த நுழைவுச் சீட்டு எதையும் அந்த நாளில் வாங்குவதில்லை.

கிழமை பார்க்காதது

பாரிஸில் இரண்டு முழு நாள் வைத்திருந்த ஒருவர், திங்கள் வெர்சாய், செவ்வாய் லூவர் என்று எழுதிவைத்திருந்தார். வெர்சாய் அரண்மனைக்குத் திங்கள் விடுமுறை, லூவருக்குச் செவ்வாய். இரண்டையும் இடம் மாற்றிப் போட்டிருந்தால் இரண்டையுமே பார்த்திருப்பார், கூடுதலாக ஒரு நாள்கூடத் தேவைப்பட்டிருக்காது. அவர் திரும்பி வந்து "பாரிஸுக்கு 2 நாள் போதாது" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

டெல்லியில் செங்கோட்டை, அக்ஷர்தாம், தாமரைக் கோயில் மூன்றுக்கும் திங்கள் விடுமுறை. ஆக்ராவில் தாஜ்மகால் வெள்ளிக்கிழமை மூடியிருக்கும், அதனாலேயே டெல்லியிலிருந்து ஆக்ரா போகிற கதிமான் எக்ஸ்பிரஸும் வெள்ளியன்று ஓடாது. வாடிகன் அருங்காட்சியகம் மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் திறக்காது. ஹனோயில் ஹோ சி மின் சமாதிக்குள் காலையில் மட்டும்தான் விடுவார்கள், திங்களும் வெள்ளியும் கிடையாது. வெள்ளி மதியம் ஹனோயில் இறங்கிச் சனி காலை அங்கிருந்து கிளம்பினால், ஒரு இரவு தங்கியும் அந்த வாசலைத் தாண்டியிருக்க மாட்டீர்கள்.

முன்பதிவும் இதே கணக்குத்தான். ஆம்ஸ்டர்டாமில் ஆன் ஃப்ராங்க் வீட்டுக்குச் சீட்டு இணையத்தில் மட்டும் கிடைக்கும், ஒவ்வொரு செவ்வாயும் 6 வாரம் கழித்து வருகிற நாட்களுக்குத் திறப்பார்கள். ரோமில் போர்கேசே காட்சியகத்துக்கு முன்பதிவு இல்லாமல் போக முடியாது. இப்படிப்பட்ட ஒரு இடத்துக்காகவே அந்த ஊருக்குப் போகிறீர்கள் என்றால் முதலில் சீட்டை வாங்குங்கள், தங்குகிற நாள் அப்புறம் தானாக அமையும்.

தலைநகரின் நாட்களை எல்லாம் பயணத்தின் முன்பக்கமே அடுக்குவது

இதைப் பற்றித்தான் உண்மையில் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் சொன்ன என் நேபாளப் பயணத்தில் காத்மாண்டுவுக்கு முதல் 4 நாளைக் கொடுத்தேன். முதல் இரண்டு நாள் நன்றாகப் போனது. சுயம்புநாத், பௌத்தநாத், பசுபதிநாத், ஒரு மாலை பாட்டன் சதுக்கம். மூன்றாம் நாள் பிற்பகலுக்கு மேல் எனக்குத் திட்டமே இல்லை. தமேல் சந்துகளிலேயே சுற்றிச் சுற்றி வந்தேன். நாலாம் நாள் மழை, அறையிலேயே கிடந்தேன். அப்புறம் பொக்காரா, மலை, எல்லாம் அருமை. கடைசி நாள் காலை 9 மணிக்குப் பொக்காராவிலிருந்து விமானம், 25 நிமிடத்தில் காத்மாண்டு. வீட்டுக்கு விமானம் இரவு ஏழரைக்கு. நடுவில் இவ்வளவு நேரம் இருக்கிறதே என்று, மதியம் எங்கே சாப்பிடலாம் என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

காலையில் பள்ளத்தாக்கு முழுக்க மேகம் இறங்கியிருந்தது. 9 மணி விமானம் 10 என்றார்கள், 10 மணிக்கு 11 என்றார்கள், 11 மணிக்கு ரத்து. என்னைப் போலவே மாட்டிக்கொண்ட இரண்டு பேரோடு சேர்ந்து ஒரு கார் பிடித்தோம். பொக்காராவிலிருந்து காத்மாண்டு பிரித்வி நெடுஞ்சாலையில் 200 கிலோமீட்டர். வரைபடத்தில் பார்த்தால் ஒன்றுமில்லை. வழியில் மூன்று இடத்தில் சாலைப் பணி, ஒரு இடத்தில் மண் சரிந்து ஒரு பக்கம் மட்டும் விட்டார்கள். நௌபிசே தாண்டி காத்மாண்டு பள்ளத்தாக்குக்கு ஏறுகிற சாலையில் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக நின்றன. முன்னால் நின்ற லாரியின் பின்பலகையில் வரைந்திருந்த மயிலை முக்கால் மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன், அதன் ஒவ்வொரு தோகைக் கண்ணும் இன்னும் ஞாபகம் இருக்கிறது. விமான நிலையத்துக்குள் நுழைந்தபோது மணி 6:50. கவுண்டரை மூடிவிட்டார்கள். விமானம் இன்னும் கிளம்பவில்லை, கண்ணாடிக்கு அந்தப் பக்கம்தான் நின்றது.

அதற்கப்புறம் கற்றுக்கொண்டதுதான் அதிகம் வலித்தது. உள்நாட்டு டிக்கெட்டும் வெளிநாட்டு டிக்கெட்டும் தனித்தனியாக வாங்கியவை என்பதால், முதல் விமானம் ரத்தானதற்கு இரண்டாம் நிறுவனம் பொறுப்பில்லை. முதல் நிறுவனம் அந்த 25 நிமிடப் பயணத்தின் பணத்தை மட்டும் திருப்பித் தந்தது. என் வெளிநாட்டு டிக்கெட் நடுவில் ஒரு ஊரில் மாறிப் போகிற டிக்கெட். முதல் பகுதிக்கு ஆள் வரவில்லை என்று பதிவானதும் மீதிப் பகுதியும் சேர்ந்து ரத்தாகிவிட்டது. மறுநாளைக்குப் புதிதாக ஒருவழி டிக்கெட் வாங்கினேன். போக வர நான் கொடுத்திருந்ததைவிட அதிகம்.

பணம் போனதைக்கூட மறந்துவிடலாம். என்னை இன்றைக்கும் குடைவது அந்த மூன்றாம் நாளும் நாலாம் நாளும்தான். நாள் பற்றாமல் இப்படி ஆகியிருந்தால் விதி என்று விட்டிருப்பேன். என்னிடம் காத்மாண்டுவில் இரண்டு உதிரி நாள் இருந்தது! அதைத் தேவையில்லாத முனையில் செலவழித்துவிட்டு, தேவைப்பட்ட முனையில் ஒரு மணி நேரத்துக்குத் தவித்தேன்.

அதனால் இப்போது தலைநகரின் நாட்களை இரண்டாக உடைக்கிறேன். வந்ததும் 2 இரவு: தூக்கம் சரியாக, சிம் கார்டு வாங்க, பணம் மாற்ற, மலையேற்ற அனுமதி போன்ற வேலைகளை முடிக்க. மிச்சம் எல்லாம் கடைசியில். கடைசியில் குறைந்தது ஒரு இரவு, சாலையோ வானிலையோ நம்ப முடியாத ஊரிலிருந்து திரும்புகிறோம் என்றால் 2 இரவு. எவரெஸ்ட் பக்கம் லுக்லா வழியாகப் போகிறவர்கள் கட்டாயம் குறைந்தது 2 இரவு வைத்துக்கொள்ளுங்கள். அங்கே மேகம் வந்தால் நாள் கணக்கில் விமானம் நிற்கும். மலையேற்றக் கூட்டம் அதிகமான மாதங்களில் லுக்லா விமானங்களைக் காத்மாண்டுவுக்குப் பதிலாக ராமேச்சாப்புக்கு மாற்றிவிடுவார்கள், அங்கிருந்து காத்மாண்டுவுக்குச் சாலையில் 4, 5 மணி நேரம். லுக்லாவிலிருந்து கிளம்பிவிட்டோம் என்பதால் காத்மாண்டு வந்துவிட்டோம் என்று ஆகாது.

இதைச் சொன்னால் உடனே வருகிற பதில், "இரண்டு தடவை அறை மாற்ற வேண்டுமே". அதே விடுதிக்கே திரும்பி வருவதாகச் சொல்லிவிட்டு, பெரிய பெட்டியை அங்கேயே வைத்துவிட்டுப் போகலாம். பெரும்பாலான விடுதிகளில் ஒத்துக்கொள்வார்கள், முதல் நாளே கேட்டுவிடுங்கள். முதுகில் சுமையும் குறையும். வாங்குகிற பொருளைக் கடைசியில் வாங்கிக்கொள்ளலாம், 6 நாள் மலைக்குத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். இன்னொன்று, முதல் 2 நாளில் ஊர் பழகியிருக்கும். எதைத் திரும்பப் பார்க்க ஆசை, எதை விட்டுவிடலாம் என்று திரும்பி வரும்போது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

ஒரு ஊரில் இறங்கி இன்னொரு ஊரிலிருந்து வீட்டுக்குப் பறக்கிறவர்களுக்கு, உதாரணமாக ஹனோயில் நுழைந்து ஹோ சி மின் நகரிலிருந்து திரும்புகிறவர்களுக்கு, இந்த உடைப்பு வேண்டாம். ஆனால் விமானத்துக்கு முந்தின இரவு அந்தக் கடைசி ஊரில்தான் தூங்க வேண்டும் என்பது அவர்களுக்கும் உண்டு.

அந்தத் தம்பதியிடம் இவ்வளவையும் எழுதி அனுப்பினேன். 4 நாளை 2 ஆகவும் 2 ஆகவும் பிரித்துவிட்டார்கள். நாள் ஒன்றுகூடக் கூடவில்லை.

ஒருநாள் வெளியூர்ப் பயணத்தையும் தலைநகர்க் கணக்கில் சேர்ப்பது

ஹனோயிலிருந்து ஹா லாங் விரிகுடா, டோக்கியோவிலிருந்து நிக்கோ, டெல்லியிலிருந்து ஆக்ரா. விடிவதற்குள் கிளம்பி இருட்டிய பிறகு திரும்புகிற நாள் அது. அந்த நாளில் தலைநகரின் ஒரு தெருவைக்கூடப் பார்க்க முடியாது, தனியாக எழுதுங்கள்.

விசா வேலையை மறந்து நாள் போடுவது

ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகளுக்குப் போகிறவர்களுக்கு இரவுகளின் எண்ணிக்கை வெறும் விருப்பம் இல்லை. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டின் தூதரகத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். சமமாக இருந்தால் முதலில் நுழைகிற நாடு. பாரிஸுக்கு 4, ரோமுக்கு 3 என்று காட்டி பிரான்ஸிடம் நேரம் வாங்கிவிட்டு, அப்புறம் ஆசைப்பட்டு ரோமை 5 ஆக்குகிறவர்களைப் பார்க்கிறேன். தூதரக நேரம் வாங்குவதற்கு முன்னாலேயே இந்தச் சண்டையை வீட்டில் முடித்துக்கொள்ளுங்கள்.

தரைவழியாக நாடு நாடாகப் போகிறவர்கள் அடுத்த நாட்டு விசாவுக்காகவே தலைநகரில் காத்திருப்பார்கள். பாஸ்போர்ட் தூதரகத்துக்குள் இருக்கும், அது இல்லாமல் வேறு ஊரில் அறை கேட்டால் சிக்கல், ஆக அசைய முடியாது. எத்தனை வேலை நாள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கெய்ரோவிலும் டாக்காவிலும் வார விடுமுறை வெள்ளி, சனி. வியாழன் மதியம் அங்கே போய் இறங்கினால் இரண்டு மூன்று நாள் சும்மா போய்விடும். வாரத்தின் முதல் வேலை நாள் காலை வாசலில் நிற்கிற மாதிரி ஊருக்குள் வாருங்கள்.

உயரத்தைக் கணக்கில் எடுக்காதது

பொலிவியாவில் லா பாஸ் போகிறவர்கள் இறங்குகிற எல் ஆல்ட்டோ விமான நிலையமே 4,000 மீட்டருக்கு மேல், நகரின் நடுப்பகுதி 3,600 போல. எக்குவடோரின் கீட்டோ 2,850. உடம்பு உயரத்துக்குப் பழக, முதல் நாளைக் காலியாக விடுங்கள்.

தலைநகர் என்பதாலேயே நாளைக் கொட்டுவது

துருக்கியின் தலைநகர் அங்காராவுக்கு ஒரு முழு நாள் போதும். மிச்சத்தை இஸ்தான்புல்லுக்குக் கொடுங்கள்.

தலைநகர் என்பதாலேயே தாண்டிப் போவது

இதற்கு நேர்மாறான தவறு, கம்போடியாவில் அதிகம் நடக்கிறது. அங்கோர் கோயில்களுக்கு மூன்று நாள் சீட்டு வாங்குவார்கள், தலைநகர் நாம்பென்னில் விமானம் மாற மட்டும் இறங்குவார்கள். அங்கோர் கோயில்களிலிருந்து எடுத்துப் பாதுகாக்கிற மூலச் சிற்பங்கள் பல நாம்பென் தேசிய அருங்காட்சியகத்தில்தான் இருக்கின்றன, அந்தக் கோயில்களில் பலவற்றைக் கட்டிய மன்னர் 7ஆம் ஜெயவர்மனின் சிலை உட்பட. கோயிலைப் பார்த்துவிட்டு அவர் முகத்தைப் பார்க்காமல் திரும்புகிறவர்களை நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

துவோல் ஸ்லெங்கும் இங்கேதான். பள்ளிக்கூடமாக இருந்த கட்டடத்தை கெமர் ரூஜ் கொடுங்கோல் ஆட்சியில் சிறையாக்கினார்கள். வகுப்பறைக்குள்ளேயே செங்கல் சுவர் எழுப்பி, ஒரு ஆள் காலை நீட்டினால் முட்டுகிற அளவுக்கு அறைகள், தரையில் பள்ளிக்கூடத்தின் அதே கட்டம் போட்ட ஓடுகள். இதை ஒரு மணி நேரத்தில் முடித்து, அடுத்து அந்த ஆட்சியின் கொலைக்களமான செவுங் ஏக், அடுத்து சந்தை, மாலை ஆற்றில் படகு என்று ஒரே நாளில் திணித்த திட்டங்களைப் பார்த்திருக்கிறேன். நாம்பென்னுக்கு 2 முழு நாள் கொடுங்கள். துவோல் ஸ்லெங்கைக் காலையில் வைத்து, அன்று பிற்பகலில் வேறு எதையும் எழுதாமல் விடுங்கள்.