ஆய்வு மாணவருக்கு ஆய்வு மாணவரே துணை: எங்கே தவறுகிறோம்?

முதலாண்டு ஆய்வு மாணவி ஒருத்தி என் மேசையருகே வந்து நின்றாள். "அக்கா, இரண்டு மாதமாக ஒரு பக்கம்கூட எழுதவில்லை" என்றாள். நான் உடனே நேர அட்டவணை போடச் சொன்னேன். படிக்க வேண்டிய நான்கு கட்டுரைகளின் பெயர்களையும் எழுதிக் கொடுத்தேன். "சரி அக்கா" என்று தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனவள், மறுபடி வரவே இல்லை. நெறியாளரைச் சந்திக்கவே அவள் பயந்துகொண்டிருந்தாள் என்பது வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. ஏன் எழுத முடியவில்லை என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும்.

காது கொடுப்பதற்கு முன்பே தீர்வு சொல்வதைத்தான் மூத்த மாணவர்கள் செய்யும் பெரிய தவறு என்பேன். நமக்குக் கைகொடுத்தது அவர்களுக்கும் கைகொடுக்கும் என்று நம்பிவிடுகிறோம். அவர்களுடைய நெறியாளர் வேறு, உதவித்தொகை வேறு, வீட்டுச் சுமை வேறு.

இதன் நீட்சிதான் இரண்டாவது நெறியாளராக மாறிவிடுவது. பணியிட உறவுகளை ஆராய்ந்த கேத்தி க்ராமும் லின் இசபெல்லாவும் 1985இல் வெளியிட்ட ஆய்வு, சக நிலையில் இருப்பவர்களின் உறவில் இருவருமே கொடுக்கிறார்கள், இருவருமே பெறுகிறார்கள் என்று காட்டியது. அத்தியாயத்தைத் திருத்தி மதிப்பெண் போடும் தோரணை வந்துவிட்டால் அந்த உறவு அங்கேயே முறிந்துவிடும். ஆய்வின் திசையை முடிவு செய்வது நெறியாளரின் வேலை. அவரிடம் எப்படிப் பேச்சைத் தொடங்கலாம் என்று சேர்ந்து யோசிப்பது நம் வேலை.

வெற்றிகளை மட்டும் காட்டுவதும் தீங்குதான். தகுதியில்லாமல் உள்ளே வந்துவிட்டோம், என்றாவது பிடிபடுவோம் என்ற அச்சத்தை உளவியலாளர்கள் பாலின் கிளான்ஸும் சூசான் ஐம்ஸும் 1978இலேயே விவரித்தார்கள். வெளியான கட்டுரையை மட்டும் பார்க்கும் இளைய மாணவருக்கு அந்த அச்சம் கூடத்தான் செய்யும். நிராகரிக்கப்பட்ட கட்டுரைக்கு வந்த மதிப்பீட்டாளர் கடிதத்தை எடுத்து மேசைமேல் வையுங்கள். எந்தக் கருத்து தரவைப் பற்றியது, எது நடையைப் பற்றியது, எதற்கு மறுப்பு எழுதினீர்கள் என்று வரிவரியாகக் காட்டுங்கள். அரைமணி நேர ஆறுதல் பேச்சைவிட இது உதவும்.

"எப்போது வேண்டுமானாலும் வா" என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள். அப்படிச் சொன்னால் தயங்குகிறவர் வரமாட்டார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, இந்தக் கிழமை, இந்த நேரம் என்று குறித்துவிடுங்கள்.

சொன்ன ரகசியத்தை ஆய்வகத் தேநீர்ப் பேச்சில் கொட்டுவதை மன்னிக்கவே முடியாது. ஆனால், உயிருக்கு ஆபத்து என்றால் யாரிடமும் சொல்லாமல் இருக்க முடியாது என்பதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும். 26 நாடுகளில் 2,279 பேரிடம், பெரும்பாலும் முனைவர் பட்ட மாணவர்களிடம், கேட்டு 2018இல் வெளியான ஆய்வில், மிதமானது முதல் கடுமையானது வரையிலான பதற்றம் 41 சதவீதத்தினரிடமும், அதே அளவிலான மனச்சோர்வு 39 சதவீதத்தினரிடமும் தென்பட்டது. ஆகவே இப்படிப்பட்ட ஒருவர் நம்மிடம் வருவது அபூர்வமல்ல. நாம் மருத்துவர்கள் அல்லர். "மனநல ஆலோசகரைப் பார்" என்று முகவரியைக் கொடுத்து அனுப்பாமல், கூடவே நடந்து போய் வாசலில் காத்திருக்கலாம்.

துறைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இந்த வேலை முழுவதும் பொறுமைசாலியான ஓரிருவர் தலையில் விழுகிறது. அவர்களுடைய ஆய்வேடு பின்தங்குகிறது. பொறுப்பை ஆண்டுதோறும் கைமாற்றுங்கள். செலவிடும் மணிநேரத்தைப் பணியாகவே கணக்கில் எடுங்கள். போகிறவர் வருகிறவரோடு ஒரு மாதமாவது சேர்ந்து உட்காரட்டும்.