கைடைப் பார்த்து எழுத முடியாத இங்கிலீஷ் வீட்டுப்பாடம்: 6, 7, 8 வகுப்பு ஆசிரியர்களுக்கு

திங்கட்கிழமை காலையில் ஏழாம் வகுப்பின் இங்கிலீஷ் நோட்டுகள் 38 மேசைக்கு வரும். முதல் நோட்டில் 'பிகாஸ்' என்ற சொல்லில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தால் இருபதாவது நோட்டிலும் அதே எழுத்துதான் விட்டுப்போயிருக்கும். ஒருத்தி கைடைப் பார்த்து எழுதுவாள், மற்றவர்கள் பிரேயர் மணி அடிப்பதற்குள் அவளைப் பார்த்து எழுதுவார்கள். பல வருடம் இதைப் பிள்ளைகளின் சோம்பேறித்தனம் என்றே நினைத்துத் திட்டிக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் புரிந்தது, தப்பு நான் கொடுத்த வேலையில் இருந்தது. பாடத்தைத் தானாக வாசிக்கத் தெரியாத பிள்ளையிடம் "ஒன்றிலிருந்து ஐந்து வரை கேள்வி பதில் எழுதிட்டு வா" என்று சொன்னால் அது கைடைத் தேடாமல் வேறு என்ன செய்யும்?

அதனால் எழுத்தை விட்டுவிட்டு வாசிப்பிலிருந்து தொடங்குங்கள். எவ்வளவு கொடுப்பது என்பதற்கு ஐந்து விரல் கணக்கு ஒன்று இருக்கிறது. பிள்ளை ஒரு பக்கத்தை வாசிக்கும்போது தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கட்டும்; பக்கம் முடிவதற்குள் ஐந்தும் மடங்கிவிட்டால் அந்தப் பக்கம் வீட்டில் தனியாக வாசிக்க ஏற்றது இல்லை. இந்தக் கணக்கை நம் பாடப்புத்தகத்தின் உரைநடைப் பாடத்தில் வைத்துப் பார்த்தால், தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளில் நிறைய பேருக்கு முதல் பத்தியிலேயே கை மூடிவிடும். ஆகவே பாடப்புத்தகத்தை வகுப்பில் உங்களோடு சேர்ந்து வாசிக்க வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு அதைவிட எளிதான ஒன்று போகட்டும்.

எளிதானது எங்கே கிடைக்கும் என்றால், குழந்தைகள் புத்தகப் பதிப்பகமான பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளம் இருக்கிறது. கதைகள் இலவசம், திறந்த உரிமத்தில் இருப்பதால் அச்செடுத்தும் கொடுக்கலாம், ஒன்றிலிருந்து நான்கு வரை நிலை பிரித்து வைத்திருக்கிறார்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு இரண்டாம் நிலைக் கதையைக் கொடுக்கக் கூச்சப்படாதீர்கள். ஆனால் கதை எதைப் பற்றியது என்று பார்த்துக் கொடுங்கள், பன்னிரண்டு வயதுப் பையன் கையில் குட்டி முயல் கதையைக் கொடுத்தால் அதைப் பைக்குள் ஒளித்துக்கொள்வான். ஒரே கதை தமிழிலும் இங்கிலீஷிலும் கிடைத்தால் ரொம்ப நல்லது. முதலில் தமிழில் வாசித்துவிட்டு வந்தால் இங்கிலீஷ் வரியைப் பார்த்தவுடன் பாதி பயம் போய்விடும்.

வகுப்பில் ஒரு நாளைக்குப் பத்து வரி போதும். முதல் தடவை புத்தகத்தை மூடிவைக்கச் சொல்லிவிட்டு நானே வாசிப்பேன், சும்மா கேட்கட்டும். இரண்டாவது தடவை வரிக்கடியில் விரலை வைத்துக்கொண்டு என்னோடு கண்ணால் வருவார்கள். மூன்றாவது தடவை எல்லோரும் சேர்ந்து, நான்காவது தடவை பக்கத்தில் இருப்பவனுக்கு இவன், இவனுக்கு அவன். இடையில் "யாரு, எங்கே, என்ன ஆச்சு" என்று தமிழில் கேட்பதில் எந்தத் தப்பும் இல்லை. இங்கிலீஷ் பீரியடில் தமிழே பேசக்கூடாது என்று சிலர் கண்டிப்பாக இருக்கிறார்கள், நான் அதை ஒப்புக்கொள்வதில்லை. புரிந்ததைச் சொல்லப் பிள்ளைக்கு ஒரு மொழி வேண்டும், அது கையில் இருக்கும்போது எதற்குப் பிடுங்க வேண்டும்?

வீட்டில் செய்ய வேண்டியது இதுதான்: அந்தப் பத்து வரியை வீட்டில் யாராவது ஒருவருக்குச் சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டும், ஒரு வரி இங்கிலீஷில், உடனே அதன் பொருள் தமிழில். கேட்பவருக்கு இங்கிலீஷ் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. "எனக்கு என்ன தெரியும், நான் எப்படிச் சொல்லித் தர" என்று தயங்கிய அம்மாக்களிடம் இதைச் சொன்னபோது அவர்கள் முகம் தெளிந்ததைப் பார்த்திருக்கிறேன். அடுப்பில் வேலையாக இருந்துகொண்டே கேட்கலாம், கடைசியில் நோட்டில் ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். ஒரு பையனின் ஆத்தா "அப்புறம் அந்தப் புள்ள என்னாச்சு?" என்று கேட்டுவிட்டது, அதற்காகவே அவன் நான் கொடுக்காத அடுத்த பக்கத்தையும் தட்டுத் தடுமாறி வாசித்துவிட்டு வந்தான்.

இங்கிலீஷ் சொல்லுக்கு மேலே பென்சிலால் தமிழில் எழுதிவைத்துக்கொள்ளும் பழக்கம் ஏறக்குறைய எல்லாப் பள்ளியிலும் இருக்கிறது. அதைப் பார்த்தவுடன் அடிக்காதீர்கள். ஆனால் அதில் உள்ள சிக்கலைப் பிள்ளைக்குக் காட்டுங்கள். பலகையில் மூன்று சொல் எழுதுவேன், பன்றி, பெரிய, பறிப்பது என்ற பொருள் வரும் மூன்று இங்கிலீஷ் சொற்கள். மேலே தமிழில் எழுதச் சொன்னால் மூன்றுக்கும் 'பிக்' என்றே எழுதுவார்கள். தமிழில் ஒரே 'ப' இரண்டு ஒலிக்கும் வருகிறது, ஒரே 'க' இரண்டு ஒலிக்கும் வருகிறது, இங்கிலீஷில் அவற்றுக்குத் தனித்தனி எழுத்து. உதட்டுக்கு முன்னால் ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு 'பென்' என்று பேனாவைச் சொல்லிப் பார்க்கட்டும், காகிதம் ஆடும். 'பேட்' என்று கிரிக்கெட் மட்டையைச் சொன்னால் அவ்வளவாக ஆடாது. இதை ஒரு தடவை செய்துவிட்டால் ஏன் தமிழ் எழுத்தை நம்பி இருக்கக்கூடாது என்று அவர்களுக்கே தெரிந்துவிடும். அதற்குப் பிறகும் எழுதிக்கொள்கிற பிள்ளை எழுதிக்கொள்ளட்டும், ஒரு வாரத்தில் ரப்பரால் அழித்துவிட வேண்டும் என்பது மட்டும் ஒப்பந்தம்.

இனி கேள்விகள். கைடில் பதில் இருக்கும் கேள்வியைக் கேட்டால் கைடில் இருக்கும் பதில்தான் வரும். நான் எந்தப் பத்திக்கும் மூன்று கேள்விதான் கொடுக்கிறேன். ஒன்றுக்குப் பதில் வரியிலேயே இருக்கும், ஒன்றுக்கு இரண்டு வரியைச் சேர்த்துப் பார்த்தால்தான் கிடைக்கும், ஒன்றை அவர்களே யோசிக்க வேண்டும். நானே எழுதிய ஒரு சின்னப் பத்தியைச் சொல்கிறேன், தமிழில் சொன்னால் இப்படி வரும்: ரவி பஸ் ஸ்டாப்புக்கு ஓடினான், அவன் சட்டை நனைந்திருந்தது, செருப்பில் சேறு, பஸ் போய்விட்டிருந்தது, கடைக்காரர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். முதல் கேள்வி, ரவி எங்கே ஓடினான். இதைக் கடைசி பெஞ்சுப் பிள்ளையும் சொல்லிவிடும், சொல்ல வேண்டும், அதற்காகத்தான் அது. இரண்டாவது, சட்டை ஏன் நனைந்தது. பாதி வகுப்பு 'ஸ்வெட்' என்றது, ஓடினானே, வேர்த்திருக்கும் என்று. பாதி 'ரெயின்' என்றது. சண்டை நடந்துகொண்டிருக்கும்போது வழக்கமாக வாயே திறக்காத ஒரு பிள்ளை பத்தியில் விரலை வைத்து "டீச்சர், மட்!" என்றாள். சேறு இருக்கிறது, அப்படியென்றால் மழை. முப்பத்தெட்டுத் தலையும் அந்த வரிக்குத் திரும்பியது. அதுதான் வாசிப்பு, அந்த ஒரு நிமிடத்துக்காக எத்தனை பத்தி வேண்டுமானாலும் உட்கார்ந்து எழுதலாம். மூன்றாவது கேள்வி, உனக்குப் பஸ் போய்விட்டால் என்ன செய்வாய். இதற்கு எந்தக் கைடிலும் பதில் கிடையாது.

இந்த மூன்றாவது கேள்விதான் எழுத்து வேலைக்கு வாசல். 'மை மதர்', 'மை ஸ்கூல்' என்று தலைப்புக் கொடுத்து ஒரு பக்கம் எழுதச் சொல்லாதீர்கள், மனப்பாடக் கட்டுரைதான் வரும். முதலில் வாயால் பேசட்டும், தமிழில் பேசினாலும் சரி. அதிலிருந்து பத்துச் சொல்லை இங்கிலீஷில் பலகையில் எழுதுங்கள். அப்புறம் மூன்றே மூன்று வாக்கியம் கேளுங்கள், மூன்றும் உண்மையாக இருக்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

வருகிற வாக்கியம் எப்படி இருக்கும் என்றால், 'மை மதர் மார்னிங் ஃபோர் ஓ க்ளாக் கெட் அப்'. இதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டியதில்லை, இது தமிழ் வாக்கியம், சொல் மட்டும் இங்கிலீஷ். தமிழில் வினை கடைசியில் வரும், இங்கிலீஷில் ஆளுக்கு அடுத்து வரும். இதே காரணத்தால்தான் 'ஹி டீச்சர்' என்று எழுதுகிறார்கள், 'அவர் ஆசிரியர்' என்பதில் நடுவில் எதுவும் இல்லையே. நான் வாக்கியத்தின் சொற்களைத் தனித்தனி அட்டையில் எழுதி ஆறு பிள்ளைகள் கையில் கொடுத்து வரிசையாக நிற்க வைப்பேன். 'கெட்ஸ் அப்' அட்டை வைத்திருக்கும் பிள்ளை கடைசியிலிருந்து நடந்து வந்து 'மதர்' பக்கத்தில் நிற்கும். நடந்து வந்ததைப் பார்த்தது அவர்களுக்கு மறப்பதில்லை. வாக்கியம் சரியானதும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ஏன் நாலு மணிக்கு? 'ஷி செல்ஸ் ஃப்ளவர்ஸ்' என்று அடுத்த வாக்கியம் வரும். பூக்கடை அம்மாவைப் பற்றி அந்தப் பிள்ளையைத் தவிர வேறு யாரும் எழுத முடியாது, பக்கத்து நோட்டைப் பார்க்க வேண்டிய தேவையும் இல்லாமல் போய்விடும்.

விடுப்புக் கடிதத்துக்கும் இதே மருந்துதான். தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன எல்லோருக்கும் 'அஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' தெரியும், ஆனால் ஃபீவர் தவிர வேறு காரணத்துக்கு லீவு கேட்கத் தெரியாது. கடிதத்தின் அமைப்பைப் பலகையில் எழுதிப் போட்டுவிட்டு, காய்ச்சல் என்ற சொல்லை மட்டும் தடை செய்யுங்கள். போன தடவை நிஜமாக எதற்கு லீவு போட்டாயோ அதை எழுது என்றேன். அக்காவுக்கு வளைகாப்பு, ஆடு குட்டி போட்டது, யூனிஃபார்ம் காயவில்லை என்று வந்தது. ஆட்டுக்காரப் பையன் 'கேவ் பர்த்' என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டு எழுதினான், இனி அவனுக்கு அது மறக்காது.

திருத்துவதில்தான் நாம் ஓய்ந்துபோகிறோம். 38 நோட்டு, நோட்டுக்கு 4 நிமிடம் என்றால் 152 நிமிடம், இரண்டரை மணி நேரம். ஒரு வகுப்புக்கே இவ்வளவு. எல்லாப் பிழைக்கும் சிவப்பு மை போட்டால் பிள்ளை எதையும் பார்க்காது, கடைசியில் மார்க்கை மட்டும் பார்த்துவிட்டு மூடிவைக்கும். அதனால் ஒரு வேலைக்கு ஒரு பிழை என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் வாக்கியத்தின் முதல் எழுத்து பெரிய எழுத்தா, முற்றுப்புள்ளி இருக்கிறதா. அடுத்த வாரம் 'ஷி கோ' இல்லை 'ஷி கோஸ்'. மற்றப் பிழைகள் அப்படியே இருக்கட்டும், மனதைக் கல்லாக்கிக்கொண்டு விட்டுவிடுங்கள். இதைப் பெற்றோர் கூட்டத்தில் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் "டீச்சர் பிழையைப் பார்க்காமலே கையெழுத்துப் போடுறாங்க" என்று பேச்சு வரும், எனக்கு வந்தது. பிழை இருக்கும் வரிக்கு நேரே ஓரத்தில் ஒரு புள்ளி மட்டும் வையுங்கள், எது பிழை என்று அவர்களே தேடட்டும். ஒரு நோட்டு ஒரு நிமிடத்தில் முடியும். மிச்ச நேரத்தில் ஒவ்வொரு நோட்டிலும் அந்தப் பிள்ளை எழுதியதைப் பற்றி ஒரு வரி எழுதுங்கள், 'ஆட்டுக்குட்டிக்கு என்ன பெயர் வைத்தாய்?' என்பது போல. 'குட்' என்பதைவிட அதற்கு வலு அதிகம், அடுத்த நோட்டில் பதில் வரும், அதுவும் எழுத்துதானே.

மதிப்பெண்ணைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு: பருவம் நடக்கும்போதே வகுப்பில் பார்த்துப் போடும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவக் கடைசித் தேர்வான தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று இருக்கும் முறையில், வளரறியின் செயல்பாடுகள் பகுதிக்கு இந்த வாசிப்பு நோட்டையும் மூன்று வாக்கியத்தையும் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். பருவக் கடைசியில் சார்ட் ஒட்டி அவசர அவசரமாக மார்க் போடுவதைவிட இது நேர்மையானது.

எழுத்துக்கூட்டியே வாசிக்க வராத பிள்ளைகள் ஆறாம் வகுப்பில் நான்கைந்து பேராவது இருப்பார்கள். அவர்களுக்கும் அதே பத்தியைக் கொடுத்து ஐந்து முறை இம்போசிஷன் எழுத வைப்பது கொடுமை, படம் வரைவதுபோல வரைந்து கொடுப்பார்கள். அவர்களிடம் கடைத்தெருவில் தெரிந்த சொற்களைக் கொண்டுவரச் சொல்லுங்கள். சோப்பு உறை, பிஸ்கட் உறை, பஸ் ஸ்டாப் பலகை, ரீசார்ஜ் கடை போர்டு. அவர்கள் கண் ஏற்கெனவே பழகிய சொற்கள் அவை. உறையை நோட்டில் ஒட்டி, அதிலிருக்கும் முதல் எழுத்தின் ஒலியைச் சொல்லி, அதே எழுத்தில் தொடங்கும் இன்னொரு உறையை மறுநாள் கொண்டுவர வேண்டும். மெதுவாகத்தான் போகும். என் வகுப்பில் ஒரு பையனுக்கு ஆறாம் வகுப்பு முழுக்க நோட்டில் உறைதான். ஏழாம் வகுப்பு அரையாண்டு விடுமுறை முடிந்து வந்தபோது மூன்று வாக்கியம் எழுதிக்கொண்டு வந்தான், மூன்றிலும் முற்றுப்புள்ளி இருந்தது.

முதல் வாரத்திலேயே எல்லாவற்றையும் செய்யப் பார்க்காதீர்கள். பத்து வரி, வீட்டில் சத்தமாக, ஒரு கையெழுத்து, இது மட்டும் இரண்டு வாரம் ஓடட்டும். கையெழுத்து வராத நோட்டுக்குத் தண்டனை வேண்டாம், வீட்டில் கேட்க ஆள் இல்லாத பிள்ளை நிச்சயம் இருக்கும், அதை மதிய உணவு நேரத்தில் எட்டாம் வகுப்பு அக்காவிடம் வாசிக்க அனுப்பிவிடுங்கள்.