வம்ச மரக் குயில்ட்: கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரியில் முதன்முறையாகத் தைப்பவர்களுக்கு

குடும்பத்தினர் பெயர்களை மரத்தின் இலைகளாகப் பொறித்து, நடுவில் பஞ்சு அடுக்கு வைத்துத் தைக்கும் குயில்ட் ஒன்றுக்குப் பெரிய இயந்திரம் எதுவும் தேவையில்லை. 4 அங்குலச் சதுர ஃப்ரேம் உள்ள வீட்டு எம்ப்ராய்டரி இயந்திரமும், வழக்கமான தையல் இயந்திரமும் போதும். ஆனால் ஒரு விதியைத் தொடக்கத்திலேயே ஏற்றுக்கொள்ளுங்கள். பெயர்களை நேரடியாக விரிப்பின் மேல் பொறிக்கக் கூடாது. ஒவ்வொரு பெயரையும் தனித் துணியில் பொறித்து, இலையாக வெட்டி, அதன் பிறகே மரத்தில் ஒட்டித் தைக்க வேண்டும். ஓர் எழுத்து பிசகினால் ஓர் இலைதான் வீணாகும். மூன்று முழத் துணி வீணாகாது.

முதல் வேலை காகிதத்தில். அடிமரத்தில் பிள்ளை 1, அதற்கு மேல் பெற்றோர் 2, தாத்தா பாட்டிகள் 4, கொள்ளுத் தாத்தா பாட்டிகள் 8 என மொத்தம் 15 இலைகள் வரும். இந்தக் கணக்கு எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. பிள்ளையின் அப்பா தம் அத்தை மகளை மணந்திருந்தால், கொள்ளுத் தாத்தா வரிசையில் ஒரே தம்பதி இரண்டு முறை வருவார்கள். அக்கா மகளை மணந்திருந்தால், அப்பாவைப் பெற்றவர்களே அம்மாவின் தாத்தா பாட்டியாகவும் நிற்பார்கள். இரண்டிலும் ஆட்கள் 13 பேர்தான். ஒரே ஆளுக்கு இரண்டு இலை வைத்தால் பார்ப்பவர் குழம்புவார். ஓர் இலையை மட்டும் வைத்து, அதற்கு இரண்டு கிளைகளை வெவ்வேறு நிறத்தில் கொண்டுவருவதே என் பரிந்துரை.

பெயர்களைச் சேகரிக்கும்போது பெரியவர்களைத் தனித்தனியே கேளுங்கள். கூட்டமாகக் கேட்டால் உரக்கப் பேசுபவர் சொன்னதே பதிவாகும், மருமகள்களாக வந்த பாட்டிகளின் பெயர்கள்தான் முதலில் விடுபடும். பழைய பத்திரங்களும் கல்யாணப் பத்திரிகைகளும் எழுத்துக்கூட்டலைச் சரிபார்க்க உதவும். தாத்தாவின் பெயரே பேரனுக்கும் இருந்தால் பெயருக்குக் கீழே ஊரையும் பொறியுங்கள், மாவட்டத்தைப் பொறிக்க வேண்டாம். வேலூர்ப் பக்கத்தையே பாருங்கள்: சித்தூர் மாவட்டம் 1911-இல் வட ஆற்காட்டிலிருந்து தாலுகாக்களைப் பெற்றுத் தனியானது. 1989-இல் வட ஆற்காடே இரண்டாகி, திருவண்ணாமலை பிரிந்தது. 2019-இல், மீதிப் பகுதியான வேலூர் மாவட்டத்திலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. ஒரே தெருவில் வாழ்ந்த மூன்று தலைமுறையினருக்கு மூன்று மாவட்டப் பெயர்கள் வந்துவிடும் என்பதால், ஆம்பூர், ஆற்காடு, வாணியம்பாடி என்று ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

அடுத்தது துணி. மேல்துணிக்கு 44 அங்குல அகலக் காட்டன் ஒன்றரை மீட்டர் வாங்கி, 42-க்கு 54 அங்குலமாக வெட்டிக்கொள்ளலாம். அடித்துணி நான்கு பக்கமும் இரண்டு அங்குலம் கூடுதலாக, 46-க்கு 58 இருக்க வேண்டும். குடியாத்தத்தில் நெய்யும், இன்னும் மூட்டாத கைத்தறி லுங்கி ஒன்று, அகலம் போதுமா என்று அளந்து பார்த்து வாங்கினால், இதற்குப் பொருத்தமாக இருக்கும். கட்டங்களின் கோடு நேராகத் தைக்கவும் வழிகாட்டும். நடு அடுக்குக்கு மெல்லிய காட்டன் பஞ்சு விரிப்பே வேலூர் வெயிலுக்கு ஏற்றது. இலைகளுக்குப் பாட்டியின் பழைய காட்டன் புடவை நன்றாக அமையும். ஆரணிப் பட்டு என்றால் தண்ணீரில் துவைக்க முடியாததால், சுவரில் மாட்டுவதற்கு மட்டும் பயன்படுத்துங்கள். பட்டைத் தவிர மற்ற துணிகளைத் தனித்தனியே நனைத்துத் துவைத்து, சாயம் போகிறதா, சுருங்குகிறதா என்று பார்த்து, இஸ்திரி போட்ட பிறகே வெட்டவும்.

இனி எழுத்து. பெரும்பாலான வீட்டு இயந்திரங்களில் உள்ளமைந்த எழுத்துகள் ஆங்கிலத்துக்கானவை. ஆகவே இலவசமாகக் கிடைக்கும் இங்க்ஸ்கேப் மென்பொருளையும், அதனுடன் சேர்ந்து இயங்கும் இங்க்/ஸ்டிட்ச் நீட்டிப்பையும் நிறுவி, நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற யூனிகோட் எழுத்துருவின் தடித்த வடிவத்தில் பெயரைத் தட்டச்சு செய்து, அதைக் கோட்டுருவமாக (Path) மாற்றி, அதன் பிறகு தையலாக மாற்றுங்கள். கோப்பை உங்கள் இயந்திரம் படிக்கும் வடிவத்தில் சேமிக்கவும். பிரதர் இயந்திரத்துக்குப் பிஇஎஸ் (PES) வடிவம் பொருந்தும். இன்னொரு வடிவமான டிஎஸ்டி (DST) கோப்பில் நிறங்கள் பதிவாகாது என்பதால் எந்த நூல் எங்கே என்று தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இதெல்லாம் சிரமமாக இருந்தால், ஜாக்கெட்டுக்குக் கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி போடும் கடைகளில் கேட்டுப் பாருங்கள். பெயர்களைக் கோப்பாக மாற்றித் தரும் இடங்கள் உண்டு.

தமிழ் எழுத்துக்குச் சில எச்சரிக்கைகள் சொல்ல வேண்டும். உயரம் 10 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. அதற்குக் குறைந்தால் ணகரத்தின் சுழிகள் நூலால் அடைந்து, ‘கண்ணன்’ என்பது மூன்று கறுப்புத் திட்டுகளாகிவிடும்; சுழியின் உள்வெளி ஒரு மில்லிமீட்டராவது திறந்திருக்க வேண்டும். புள்ளி ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சிறியதாக இருந்தால் துணிக்குள் புதைந்து, ‘முருகன்’ ‘முருகன’ ஆகிவிடும். நூல் துணியை இழுப்பதால் எழுத்துகள் சற்று ஒல்லியாகத் தெரியும். அதை ஈடுகட்டும் அமைப்பில் (Pull compensation) 0.2 முதல் 0.4 மில்லிமீட்டர் வரை கொடுங்கள். நீளப் பெயர்களை இரண்டு வரியாக உடைக்கலாம், எழுத்தைச் சுருக்குவது மட்டும் வேண்டாம். இந்தக் காரணத்துக்காகவே மாவிலையைவிட, அகன்ற பூவரசு இலை வடிவத்தை நான் விரும்புகிறேன். இலை நாலரை அங்குல அகலம் இருக்கட்டும். பெயர் மட்டும் 4 அங்குல எல்லைக்குள் அடங்கினால் போதும்.

துணிக்கு அடியில் கிழித்தெடுக்கும் எம்ப்ராய்டரி பேப்பரை வைத்து, ஃப்ரேமில் தவில் தோல் போல விறைப்பாக, ஆனால் இழை கோணாமல் மாட்டுங்கள். 75/11 ஊசி, மேலே 40 எண் எம்ப்ராய்டரி நூல், கீழே மெல்லிய பாபின் நூல். ண, ழ, புள்ளி மூன்றும் வரும் பெயர் ஒன்றைக் கழிவுத் துணியில் முதலில் பொறித்து, பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்: ஒவ்வொரு கோட்டின் நடுவிலும் மூன்றில் ஒரு பங்கு பாபின் நூல் தெரிந்தால் இழுவிசை சரி. பாதியில் மின்சாரம் போனால் ஃப்ரேமைக் கழற்ற வேண்டாம். பல இயந்திரங்களில், நின்ற தையல் எண்ணுக்கே மீண்டும் போக முடியும்.

பொறித்த துணியின் பின்னால் இஸ்திரிச் சூட்டில் இருபுறமும் ஒட்டும் வலையை ஒட்டி, இலையாக வெட்டவும். கிளைகளுக்குத் துணியின் இழைக்குச் சாய்வாக வெட்டிய பயஸ் பட்டைதான் வளைந்து கொடுக்கும். எல்லாவற்றையும் மேல்துணியில் பரப்பி, கொள்ளுத் தாத்தா வரிசையின் 8 இலைகளை மேலும் கீழுமாக மாற்றி அடுக்கி, தள்ளி நின்று ஒருமுறை பார்த்துவிட்டு ஒட்டுங்கள். முதலில் கிளைகளின் ஓரத்தையும், பிறகு இலைகளின் ஓரத்தையும் நெருக்கமான ஜிக்ஜாக்கில் தைத்து முடிக்கவும்.

பிறகு அடித்துணி, பஞ்சு, மேல்துணி என அடுக்கி, நான்கு அங்குலத்துக்கு ஒன்றாகச் சேஃப்டி பின் குத்துங்கள். அடுக்குகளைச் சேர்த்து நகர்த்தும் அழுத்துபாதமான வாக்கிங் ஃபுட்டைப் பொருத்தி, 90/14 ஊசியில், 3 மில்லிமீட்டர் தையலில், நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிச் செல்லவும். ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் சுருக்கம் சேர்ந்துவிடும். தையல் இலைகளைச் சுற்றிப் போகலாம், பெயர்களின் மேல் போகக் கூடாது. ஓரப்பட்டைக்கு இரண்டரை அங்குல அகலத்தில் 44 அங்குல நீளப் பட்டைகள் ஐந்து போதும். அவற்றைச் சாய்வாக இணைத்து, நீளவாக்கில் இரண்டாக மடித்து முன்பக்கத்தில் தைத்து, பின்பக்கம் திருப்பிக் கைத்தையலில் முடியுங்கள். சுவரில் மாட்டுவதானால் பின்னால் மேல் விளிம்பில் நான்கு அங்குல அகலத் துணிக் குழல் ஒன்றைத் தைத்து, அதில் ஒரு கம்பைச் செருகலாம்.

இலைத் துணியில் மீந்ததைத் தூக்கி எறிய வேண்டாம். பெயர்க் கோப்புகளோடும் நூல் எண்களோடும் அதை எடுத்து வையுங்கள். பின்னர் ஒரு தங்கையோ தம்பியோ பிறந்தால், அதே அளவில் பெயரைப் பொறித்து, விளிம்பை உள்மடித்து, மேல்துணியை மட்டும் பிடித்துக் கையால் தைத்துவிடலாம். குயில்ட்டைப் பிரிக்க வேண்டியதில்லை.