குளிருக்கு மட்டும் ஒயில் ஒழுகுற பழைய கார்: எங்க இருந்து தேடுறது

றொறன்ரோ பக்கம் மைனஸ் 20க்குப் போன அடுத்த நாள் ஸ்னோவில கறுப்புப் பொட்டு தெரிஞ்ச உடன, கராஜுக்குப் போய் சீல் (ஒயில் வெளிய வராமத் தடுக்கிற ரப்பர் வளையம்) எல்லாத்தையும் மாத்தச் சொல்லாதேங்கோ. முதல்ல அது என்ஜின் ஒயில்தானோ எண்டு பாக்கோணும். இரவு காருக்குக் கீழ ஒரு காட்போட்டை விரிச்சு, பறக்காமக் கல்லு வைச்சு, எது முன்பக்கம் எண்டு பேனையால எழுதி விடுங்கோ. காலமை மண்ணிறமாவோ கறுப்பாவோ வழுவழுவெண்டு கிடந்தா என்ஜின் ஒயில், சிவப்பெண்டா கியர்பொக்ஸ் இல்லாட்டி பவர் ஸ்டியரிங், பச்சை, பிங்க் எண்டா கூலன்ற்.

அடுத்தது எப்ப ஒழுகுது எண்டது, கன பேர் இதைக் கவனிக்கிறேல்ல. காலமை ஸ்ரார்ட் பண்ணி முதல் கொஞ்ச நேரம் ஒழுகி, சூடானாப் பிறகு நிண்டுட்டா, அநேகமா இறுகிப்போன ரப்பர்தான். குளிருக்க ஒயில் தடிக்க பிரஷரும் கூடும், அதால ஒயில் ஃபில்டரையும் பிரஷர் சுவிச்சையும் (ஒயில் லைற்றைப் பத்த வைக்கிற சின்னச் சுவிச்) முதல்ல தடவிப் பாருங்கோ. ஃபில்டர் மாத்தேக்க பழைய ரப்பர் வளையம் என்ஜின்லயே ஒட்டிக் கிடக்க அதுக்கு மேல புதுசைப் பூட்டி விடுறவையும் இருக்கினம், அது கோடையில சும்மா கிடந்துட்டு முதல் கடும் குளிருக்குப் பிதுங்கி வெளிய வரும்.

ஹைவேல ஓடி வந்தாப் பிறகுதான் ஒழுகுது, டிப்ஸ்டிக் (ஒயில் மட்டம் பாக்கிற கம்பி) வேற மேல எழும்பிக் கிடக்குது எண்டா சீலைக் குத்தம் சொல்லாம பிசிவி வால்வையும் பிரீதர் ஹோஸையும் (என்ஜினுக்குள்ள சேருற ஆவியையும் பிரஷரையும் வெளிய விடுற வால்வும் குழாயும்) பாருங்கோ. கடைக்கும் வேலைக்கும் அஞ்சு அஞ்சு நிமிஷம் ஓடினா என்ஜின் வடிவாச் சூடாகாது, உள்ள சேருற தண்ணி ஆவி வெளிய போகாம ஹோஸுக்குள்ள உறைஞ்சு அடைச்சிடும், பிறகு உள்ள ஏறுற பிரஷர் எங்க பலவீனமோ அங்கால ஒயிலைத் தள்ளும், நல்ல சீலும் கூட ஒழுகும். ஒயில் மூடியைத் திறந்தா அடியில பால்தேத்தண்ணி நிறத்தில களி இருக்கும். அதைக் கண்டு ஹெட் கஸ்கெற் (கூலன்ற் ஒயிலோட கலக்காமத் தடுக்கிற தகடு) போட்டுது எண்டு பயப்பிட வேண்டாம், கூலன்ற் குறையாட்டி பெரும்பாலும் வெறும் ஈரம்தான். சோதிக்கிறது லேசு: சூடான என்ஜின் ஐடில்ல ஓடேக்க ஒயில் மூடியைக் கழட்டி, மூடி இருந்த ஓட்டைக்கு மேல ஒரு கடதாசித் துண்டை வையுங்கோ, லேசா உள்ள இழுத்தா நல்லம், தூக்கி எறிஞ்சா அடைப்பு. (மூடின கராஜுக்குள்ள என்ஜினை ஓட விடாதேங்கோ, கார்பன் மொனொக்சைட் ஆளைக் கொல்லும்.) பிசிவி வால்வைக் கழட்டிக் குலுக்கினா கலகலக்கோணும், இல்லாட்டி மாத்துங்கோ, விலை பெரிசில்ல.

இதெல்லாம் சரியெண்டா, ஆறின என்ஜினைத் துணியால நல்லாத் துடைச்சுப்போட்டு ஓடிட்டு வந்து ரோர்ச் அடிச்சுப் பாருங்கோ. ஒயில் கீழயும் பின்னாலயும்தான் ஓடும், அதால சொட்டுற இடத்தை விட்டுட்டு ஈரமா இருக்கிற ஆக உயரமான இடத்தைத் தேடோணும். பழைய கொரொல்லா எண்டா வால்வ் கவர் கஸ்கெற்றும் (என்ஜின்ர மேல் மூடிக்குக் கீழ இருக்கிற ரப்பர்), பெல்ற் பக்கம் இருக்கிற செயின் ரென்ஷனர் (என்ஜின் செயினை இறுக்கிப் பிடிக்கிறது) ஓ ரிங்கும் பேர்போன ஆக்கள். எரிஞ்ச மணம் வந்தா கவர்ல இருந்து எக்சோஸ்ட்டுக்கு மேல விழுது எண்டு அர்த்தம். வெறும் ஜாக்கை நம்பி, அதுவும் ஐஸுக்கு மேல, காருக்குக் கீழ பூரக் கூடாது.

கோடைக்கு ஆரும் 15டபிள்யூ-40 எண்ட தடிச்ச ஒயில் விட்டிருந்தா மாத்துங்கோ, மைனஸ் 20க்குக் கீழ அது களிதான், மனுவல்ல சொன்ன 5டபிள்யூ-30 போல ஒண்டை விடுங்கோ. ரியர் மெயின் சீல் (என்ஜினுக்குப் பின்னால கியர்பொக்ஸ் பக்கம் இருக்கிற சீல்) போட்டுது எண்டு ஆரும் சொன்னா, மேல எல்லாம் பாத்தாச்சோ எண்டு கேளுங்கோ, அதுக்கு கியர்பொக்ஸை இறக்கோணும், கூலிதான் காசு. சின்னச் சொட்டு எண்டா கிழமைக்கொருக்கா டிப்ஸ்டிக் பாத்து ஒயில் விட்டுக்கொண்டு குளிர் முடியுமட்டும் ஓடலாம், ஆனா சிவப்பு ஒயில் லைற் பத்தினா வீடு கிட்டத்தானே எண்டு ஓடாதேங்கோ, கரையில ஒதுக்கி உடன நிப்பாட்டுங்கோ.