காரைக்குடியில் இருந்துகொண்டு வீடு, மனை பற்றி எழுதிச் சம்பாதிப்பது எப்படி? (ஆரம்பிப்பவர்களுக்கு)

"அண்ணே, வீடு, மனை பத்தி பிளாக் எழுதுறதையே தொழிலா வச்சிருக்கீங்களாமே, எப்படி ஆரம்பிக்கிறது?" போன மாதம் மட்டும் நான்கைந்து பேர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் வாய்ஸ் நோட் அனுப்பி முடியவில்லை, அதனால் இங்கேயே எழுதி வைக்கிறேன். பிளாக் திறப்பது, டொமைன் வாங்குவது எல்லாம் யூடியூப்பில் கொட்டிக் கிடக்கிறது. அதை விட்டுவிட்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

படி 1: ஊரைச் சுருக்குங்கள்

"சிவகங்கை மாவட்ட ரியல் எஸ்டேட்" என்று ஆரம்பித்தால் பெரிய போர்ட்டல்களுக்குப் பின்னால் பத்தாம் பக்கத்தில் கிடப்பீர்கள். நான் எடுத்துக்கொண்டது காரைக்குடி, கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்ற ஒரே வரிசைதான். முதல் பத்துக் கட்டுரைகளில் விற்க எதுவும் வைக்கவில்லை. எந்தத் தெருவுக்கு நல்ல தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, செட்டிநாடு ஸ்டேஷனில் இறங்கினால் கானாடுகாத்தானுக்கு எப்படிப் போவது, கண்மாய்க்குக் கீழே இருக்கும் மனையை ஏன் ஐப்பசி, கார்த்திகையில் போய்ப் பார்க்க வேண்டும் என்று இப்படித்தான் எழுதினேன். சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருந்துகொண்டு ஊரில் இடம் தேடுகிறவருக்கு இதைச் சொல்ல ஆள் கிடையாது.

அளவை எப்போதும் இரண்டு விதமாகவும் எழுதுங்கள். நம் ஆட்களுக்கு சென்ட், வெளியூர்க்காரர்களுக்கு சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி, ஆக 5 சென்ட் என்றால் 2,178.

படி 2: தலைப்பு தமிழில், லிங்க் ஆங்கில எழுத்தில்

வேர்ட்பிரஸில் தமிழ்த் தலைப்பு வைத்தால் லிங்க்கும் தமிழிலேயே அமைந்துவிடும். அதை வாட்ஸ்அப்பில் ஒட்டினால் ஒவ்வொரு தமிழ் எழுத்தும் சதவீதக் குறியும் எண்ணுமாக உடைந்து, 'க' என்ற ஓர் எழுத்துக்கே ஒன்பது குறிகள் வந்து நிற்கும். பார்க்கிறவர் வைரஸ் என்று நினைத்துத் தொடமாட்டார். பிளாகரில் வேறு தொல்லை. தலைப்பு முழுக்கத் தமிழாக இருந்தால் எல்லாக் கட்டுரைக்கும் ஒரே மாதிரிப் பெயர் வைத்து, பின்னால் ஓர் எண்ணை மட்டும் மாற்றிக்கொண்டே போகும். வெளியிடுவதற்கு முன்னாலேயே பெர்மாலிங்க்கை ஆங்கில எழுத்தில் நீங்களே தட்டிவிடுங்கள் (பெர்மாலிங்க் என்பது அந்தக் கட்டுரையின் நிரந்தர லிங்க்). 'காரைக்குடி 5 சென்ட் மனை' என்று தேடுகிறவர்களில் பலர் அதை ஆங்கில எழுத்தில்தான் தட்டுகிறார்கள், அதற்கும் இது உதவும்.

கருவிகள் பற்றி என் கருத்து: தொடங்க பிளாகரே போதும், செலவில்லை. மாதம் நாலு கட்டுரை விடாமல் எழுதுகிற பழக்கம் வந்தபின் வேர்ட்பிரஸுக்குப் போங்கள். கூகுள் சர்ச் கன்சோலை முதல் நாளே இணையுங்கள், ஜனங்கள் எந்தச் சொல்லைத் தட்டி உங்களிடம் வருகிறார்கள் என்று அது காட்டும். தட்டச்சுக்கு தமிழ்99 விசைப்பலகை முறையைக் கற்றுக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் சிரமம், பிறகு கை தானாக ஓடும்.

படி 3: "சாவி யார்கிட்ட இருக்கு?"

நான் சறுக்கிய இடம் இதுதான், கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

பள்ளத்தூர் பக்கம் ஒரு பழைய செட்டிநாட்டு வீடு. பெரியவர் ஒருவர் வீட்டு வரி ரசீதும் கரண்ட் பில்லும் தன் பெயரில் இருப்பதைக் காட்டினார். நான் வில்லங்கமும் (சொத்தின் மேல் விற்பனை, அடமானம் பதிவாகியிருக்கிறதா என்று காட்டும் சான்று) போட்டுப் பார்த்தேன். எதுவும் இல்லை. முகப்பு, பட்டாலை, வளவு (முற்றமும் அதைச் சுற்றிய அறைகளும்), இரண்டாம் கட்டு என்று வீட்டின் ஒவ்வொரு பகுதியையும் படம் எடுத்து, "உடனடி விற்பனைக்கு" என்று போட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள் ராத்திரி பத்து மணிக்கு மலேசியாவிலிருந்து போன். "தம்பி, அந்த வளவுல வலது பக்கம் ரெண்டாவது அறை எங்க அப்பச்சிக்கு உள்ளது. எங்ககிட்ட யாரும் ஒரு வார்த்தை கேக்கலையே?" மறுநாள் சென்னையிலிருந்து ஒருவர், கோயம்புத்தூரிலிருந்து ஓர் ஆச்சி. வீட்டைப் பார்க்க பெங்களூரிலிருந்து டிக்கெட் போட்டிருந்தவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கட்டுரையை இறக்கினேன். மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

வீட்டைக் கட்டியவருக்கு நாலு மகன் என்றால், வளவைச் சுற்றியுள்ள அறைகள் ஒவ்வொரு மகனின் புள்ளிக்கும் (தனிக் குடும்பத்துக்கும்) போய்விடும். முகப்பும் வளவும் கல்யாணத்துக்கும் சாவுக்கும் பொது. மூன்று தலைமுறை கழித்து அதில் முப்பது பேருக்குப் பங்கு இருக்கும். பல வீடுகளில் பாகப்பிரிவினைப் பத்திரமே கிடையாது. யாரும் விற்கவும் இல்லை, அடமானம் வைக்கவும் இல்லை. பிறகு வில்லங்கத்தில் என்ன வரும்? போதாக்குறைக்கு ஆன்லைனில் கிடைப்பது பெரும்பாலும் 1975 முதல் உள்ளதுதான். வில்லங்கம் சுத்தமாக இருப்பதும் பங்காளிகள் ஒத்துக்கொண்டதும் வேறு வேறு விஷயம். வீட்டு வரி ரசீது உரிமைப் பத்திரமும் ஆகாது.

இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் நோட்டுப் புத்தகத்தோடு திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறேன். இருக்கிறவர்களில் மூத்த ஆச்சியைக் கேட்டு வம்சாவளியை வரைகிறேன். பிறகு வளவுக்குள் போய் அறை அறையாக, "இது யாருக்கு உள்ளது? சாவி யார்கிட்ட இருக்கு?" என்று கேட்கிறேன். "ஓனர் யாரு?" என்று கேட்டால் எதிரே நிற்கிறவர் தன் பெயரைத்தான் சொல்வார். சாவியைக் கேட்டால் பங்கு வெளியே வந்துவிடும். ஒரு வீட்டில் பதினோரு அறைக் கதவில் ஏழு விதப் பூட்டு பார்த்தேன். ஒரு பூட்டு துருப்பிடித்து நாதாங்கியோடு ஒட்டிப்போயிருந்தது. அந்தப் புள்ளியைத் தேடிப் பிடிக்கவே நாலு மாதம் ஆனது.

வெளிநாட்டுப் பங்காளி பவர் (தன் சார்பில் கையெழுத்திட இன்னொருவருக்குத் தரும் அதிகாரப் பத்திரம்) கொடுத்தால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் அத்தாட்சி பெற்று, இந்தியாவுக்கு வந்த 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைக் கட்டணம் கட்ட வேண்டும். இது வக்கீல் வேலை. நமக்கு இதில் ஒன்றுதான்: பார்த்ததை அப்படியே எழுதுவது. "பங்குதாரர்கள் 9 பேர். 7 பேர் சம்மதம் எழுத்தில் உள்ளது. 2 பேரிடம் பேச்சு நடக்கிறது." என் கட்டுரைகளில் அதிகம் போன் வரவழைத்த வரிகள் இந்த மாதிரி வரிகள்தான். பங்காளிகளே தங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் பகிர்கிறார்கள். என் தொழில் நிலைத்து நின்றதே அதனால்தான்.

படி 4: மனை விளம்பரம் என்றால் ரெரா

ரெரா என்பது 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம். அதில் ஏஜென்ட் என்பதற்கான விளக்கத்தைப் படியுங்கள். எந்த ஊடகத்தின் வழியாகவும் வாங்குபவரையும் விற்பவரையும் அறிமுகப்படுத்திக் கமிஷன் வாங்குபவரும் அதில் அடக்கம். "நான் எழுத்தாளன்தானே" என்று ஒதுங்க முடியாது. ரெரா பதிவு தேவைப்படும் லே-அவுட் மனைகளைக் கமிஷனுக்கு விற்றுக் கொடுப்பதானால் முதலில் நீங்கள் ஏஜென்டாகப் பதிவு செய்ய வேண்டும். 500 சதுர மீட்டருக்கு உட்பட்ட நிலத்துக்கும் 8 வீட்டுக்கு உட்பட்ட கட்டடத்துக்கும் அந்த ரெரா பதிவு வேண்டியதில்லை. மற்றவற்றுக்குப் பதிவு எண் இல்லாமல் விளம்பரமே கூடாது.

டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகாரம் இல்லாத மனை வந்தால் ஒரே கேள்வி: 2016 அக்டோபர் 20க்குள் பத்திரம் பதிவானதா, வரன்முறை (அங்கீகாரமில்லாத மனையைப் பிறகு முறைப்படுத்துவது) செய்தாயிற்றா? பதில் மழுப்பலாக வந்தால் அந்த ஆளிடம் வேலை எடுக்காதீர்கள். அவர் தரும் காசு உங்கள் பெயருக்கு ஈடாகாது.

படி 5: படம்

வளவில் உச்சி வெயிலில் எடுத்தால் முற்றம் வெளுத்துத் தாழ்வாரம் கறுத்துவிடும். காலை ஒன்பது, ஒன்பதரைக்கு எடுங்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையை முதலில் ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள், நிறம் எழுந்து நிற்கும். சாமி அறையையும் சுவரில் மாட்டிய பெரியவர்கள் படங்களையும் கேட்காமல் எடுக்கவே கூடாது.

வாசக்கால் வேலைப்பாட்டைக் கிட்டத்தில் எடுத்துப் போடாதீர்கள். நான் ஒருமுறை போட்டேன். முதலில் வந்த ஆறு போனும் வீட்டைக் கேட்கவில்லை, "அந்தக் கதவு மட்டும் தருவாங்களா?" என்றுதான் கேட்டார்கள். பர்மா தேக்குத் தூணுக்கும் நிலைக்கும் ஆசைப்பட்டு வீட்டையே பிரித்து விற்கும் வேலை நம் ஊரில் நடந்துகொண்டிருக்கிறது. 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் இடம்பெற்றன. அப்படிப்பட்ட ஊரில் நம் படமே ஒரு வீட்டைப் பிரிக்க வழிகாட்டக் கூடாது.

படி 6: காசு

முதல் எட்டு மாதம் எனக்கு ஒன்றும் வரவில்லை. டியூஷன் எடுத்துச் சமாளித்தேன். இப்போது மூன்று வழியில் வருகிறது: முடிந்த விற்பனைக்குக் கமிஷன், இரண்டு லே-அவுட்காரர்களுக்கு மாதாமாதம் எழுதிக் கொடுப்பது, வெளிநாட்டில் இருப்பவர்களுக்காக வீட்டை நேரில் பார்த்துப் படத்தோடு அறிக்கை அனுப்புவது. மூன்றாவது நிதானமாக வளர்கிறது, எனக்குப் பிடித்ததும் அதுதான். கூகுளின் ஆட்சென்ஸ் விளம்பரம் 2018 முதல் தமிழுக்கும் கிடைக்கிறது, ஆனால் நான் போடவில்லை. நீங்கள் விசாரித்து எழுதிய வீட்டுக்குப் பக்கத்திலேயே யாரென்று தெரியாத லே-அவுட் விளம்பரம் வந்து நிற்கும். வாசிப்பவர் அதையும் நீங்கள் சொன்னதாகவே எடுத்துக்கொள்வார்.

பின்சேர்க்கை 1: விற்றுப்போன வீட்டின் பக்கத்தை அழித்துவிடலாமா என்று தேவகோட்டை வாசகர் கேட்டிருந்தார். வேண்டாம். மேலே "விற்றாகிவிட்டது" என்று போட்டு, விலையை எடுத்துவிட்டு, கீழே அதே தெருவைப் பற்றிய வேறு கட்டுரைக்கு லிங்க் கொடுங்கள். எனக்குப் பாதி வாசகர்கள் அந்தப் பழைய பக்கங்கள் வழியாகத்தான் வருகிறார்கள்.

பின்சேர்க்கை 2: "ராயவரம் வீட்டுக்குப் பட்டா தேடினேன், ஆன்லைனில் ஊரே வரவில்லை" என்று ஒரு தங்கை எழுதியிருக்கிறார். சிவகங்கை மாவட்டத்தில் தேடியிருப்பீர்கள் அம்மா. செட்டிநாடு இரண்டு மாவட்டத்தில் கிடக்கிறது. ராயவரத்துக்கு புதுக்கோட்டை மாவட்டம், திருமயம் வட்டம் என்று தேர்ந்தெடுங்கள். அப்போதும் வரவில்லை என்றால் வருவாய்க் கிராமத்தின் பெயர் வேறாக இருக்கலாம். வி.ஏ.ஓ. அலுவலகத்தில் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.